வானியல் படிக்கணும்னு கேட்கிறவர்களுக்கு: அடிக்கடி வரும் கேள்விகள்

மாதம் ஒரு முறை, வானம் ஒத்துழைத்தால், பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானங்களில் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தி நிலாவையும் வியாழனையும் காட்டுகிறோம். சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கும் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். பின்னால் நிற்கும் பெற்றோருக்கு வேறு கேள்வி இருக்கும். நான் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். இந்தக் கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

"மேம், அஸ்ட்ரானமி படிச்சா ஜாதகம் கணிக்க வருமா?"

வராது. கோள் எங்கே இருக்கிறது, எதனால் ஆனது, ஏன் அப்படி நகர்கிறது என்பதுதான் வானியல். அது உங்கள் கல்யாணத்தை என்ன செய்யும் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் நீங்கள் இந்தப் படிப்பில் சேர்ந்த செய்தி பரவியதும் சொந்தக்காரர்கள் ஜாதகக் கட்டோடு வருவார்கள். பழகிவிடும்.

"பி.எஸ்சி. அஸ்ட்ரானமின்னு தேடிப் பார்த்தேன். நம்ம பக்கம் எந்த காலேஜ்லயும் இல்லையே?"

இல்லைதான், அதனால் குறை ஒன்றுமில்லை. நம் நாட்டில் வழக்கமான பாதை பி.எஸ்சி. இயற்பியல். வானியல் என்று தனியாகப் பிரிவது முதுநிலையிலோ பிஎச்.டி.யிலோதான். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகம், ஐஐடி இந்தூர், திருவனந்தபுரத்தில் இருக்கும் விண்வெளி நிறுவனமான ஐஐஎஸ்டி ஆகிய இடங்களில் முதுநிலையில் வானியல் உண்டு. மற்ற பெரும்பாலோர் எம்.எஸ்சி.யும் இயற்பியலிலேயே முடித்துவிட்டு, ஆராய்ச்சிக்குப் போகும்போதுதான் வானியல் பக்கம் திரும்புகிறார்கள்.

வான் இயற்பியலாளர் எஸ். சந்திரசேகரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது இயற்பியல். 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது, 19 வயதில், வெள்ளைக் குள்ளன் விண்மீனுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) நிறையில் ஒரு வரம்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டார். அதற்குக் குவாண்டம் புள்ளியியலும் சார்பியலும்தான் தேவைப்பட்டன, தொலைநோக்கி தேவைப்படவில்லை. அந்த வேலைக்கும் சேர்த்து நோபல் வந்தது 1983-இல்.

"ப்ளஸ் டூ-ல எந்த குரூப்? பயோ மேத்ஸ் ஓகேவா?"

கணிதமும் இயற்பியலும் இருக்கிற எந்த குரூப்பும் சரி. நான்காவது பாடம் உயிரியலா கணினி அறிவியலா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். நிரல் எழுதுகிற பைத்தான் மொழியைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். உயிரியல் இருந்தால் ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நுழைவுத் தேர்வில் கொஞ்சம் கைகொடுக்கும், காரணம் கீழே இருக்கிறது. கணிதம் இல்லாத குரூப் எடுத்துவிட்டு வந்தால் மட்டும் கதவுகள் நிறைய மூடிவிடும்.

"பொண்ணு இஸ்ரோ போகணும்னு சொல்லுது. அப்ப இன்ஜினியரிங்தானே டீச்சர் சேர்க்கணும்?"

இஸ்ரோதான் ஆசை என்றால், ஆமாம், பெரும்பாலும் இன்ஜினியரிங்தான். ராக்கெட்டும் செயற்கைக்கோளும் கட்டுகிற நிறுவனம் அது. எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் படித்தவர்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்.

அந்த விண்கலத்தின் முக்கியக் கருவிகளில் ஒன்று, சூரியனின் ஒளிவட்டத்தைப் பார்க்கிற வெல்க். அதை உருவாக்கியது பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். அது அனுப்பும் படத்தைப் பார்த்து 'அங்கே என்ன நடக்கிறது' என்று கேட்கிறவர்கள் இயற்பியல் படித்தவர்கள். அதனால் பெண்ணிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: விண்கலத்தைக் கட்ட ஆசையா, அது அனுப்புவதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆசையா? "ரெண்டும்" என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஐஐஎஸ்டி-யில் பொறியியல் இயற்பியலும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பு இருக்கிறது, அதில் வானியலைத் தேர்ந்தெடுக்கலாம். சேர்க்கை ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசைப்படி.

"ஐசர், நைசர்னு சொல்றாங்களே, அதெல்லாம் ஐஐடி மாதிரி கஷ்டமா?"

கஷ்டம்தான், வேறு விதமான கஷ்டம். ஐசர் ஏழு இடங்களில் இருக்கிறது. நமக்குப் பக்கம் திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்து வருடம் படித்தால் பி.எஸ்., எம்.எஸ். இரண்டும் கிடைக்கும். நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள்: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. உயிரியல் படிக்காத பிள்ளைகளும் எழுதிச் சேர்கிறார்கள், மற்ற மூன்றில் வலுவாக இருந்தால் போதும். புவனேஸ்வரில் உள்ள நைசருக்கு நெஸ்ட் என்று தனித் தேர்வு. சென்னைப் பக்கமே இருக்க வேண்டும் என்றால் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த பி.எஸ்சி. இருக்கிறது. இடங்கள் குறைவு, கணிதத்தில் வெறி உள்ளவர்களுக்கான இடம்.

இந்தத் தேர்வுகளைப் பற்றி நம் பள்ளிகளில் யாருமே சொல்வதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. நீட், ஜேஇஇ தவிர வேறு தேர்வு இருப்பதே தெரியாமல் ப்ளஸ் டூ முடித்துவிடுகிறார்கள்.

"பக்கத்து டவுன் கவர்மென்ட் காலேஜ்ல பிசிக்ஸ் சேர்ந்துட்டேன் மேம். என் கதை முடிஞ்சுதா?"

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இது. முடியவில்லை. ஆனால் கல்லூரி தருவதை மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முடிந்துவிடும். நம் செமஸ்டர் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு நிறுவலை அப்படியே எழுதினால் பத்தும் கிடைக்கும். அடுத்த கட்டத் தேர்வுகளில் நிறுவலைக் கேட்கவே மாட்டார்கள், அதை வைத்துத் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். இந்த இடைவெளியை நீங்களேதான் நிரப்ப வேண்டும். தினம் இரண்டு கணக்கு, விடையைப் பார்க்காமல். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் குவாண்டம், இயந்திரவியல் வகுப்புகள் முழுசாக, இலவசமாக இருக்கின்றன.

இரண்டாவது, கோடை விடுமுறை. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து மாணவர்களுக்கு இரண்டு மாதக் கோடை ஆராய்ச்சி வாய்ப்பு தருகின்றன, உதவித்தொகையோடு. விண்ணப்பம் முந்தைய வருடக் கடைசியிலேயே போய்விட வேண்டும். மே மாதம் வந்து "இப்ப அப்ளை பண்ணலாமா மேம்" என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது, தரவு. கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை அளந்து வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கல்லூரிக் கணினியில் பைத்தானைத் திறந்து, நம் கார்த்திகை மீன் கூட்டத்தின் விண்மீன்களை மட்டும் பிரித்தெடுத்து, நிறத்துக்கு எதிராகப் பிரகாசத்தை வரைந்து பாருங்கள். சரியாகப் பிரித்திருந்தால் புள்ளிகள் ஒரு கோடாக வந்து விழும். இடமாறு கோணத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரிகிற கோணம்) தலைகீழாக்கினால் தூரம் சுமார் 440 ஒளியாண்டு என்று வரும். என் மாணவி ஒருத்திக்கு இதைச் செய்ய மூன்று வாரம் ஆனது. முதல் இரண்டு வாரம் தப்பான விண்மீன்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நேர்முகத் தேர்வில் அவளிடம் கேட்டதும் அந்தத் தப்பைப் பற்றித்தான்.

"மூணு வருஷமும் டெலஸ்கோப்ல பார்த்துக்கிட்டே இருக்கலாமா?"

இல்லை. இயந்திரவியல், மின்காந்தவியல், ஒளியியல், வெப்ப இயற்பியல், குவாண்டம், எலெக்ட்ரானிக்ஸ், கூடவே அலைடு கணிதமும் வேதியியலும். வானியல் ஒரு விருப்பப் பாடமாக வந்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்துக்கொண்டு 'எப்ப மணி அடிக்கும்' என்று நிற்கிறீர்களே, அங்கேதான் வானியல் இருக்கிறது. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589.0, 589.6 நானோமீட்டர் என்று இரண்டு கோடுகளாகப் பிரிகிறது. அதே இரண்டு கோடுகள் சூரிய ஒளியில் கறுப்பாக இருக்கின்றன. சூரியனில் சோடியம் இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்காமலே தெரிந்தது அப்படித்தான். 1909 ஜனவரியில் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியின் நிறமாலையில் கோடுகள் இம்மியளவு இடம் மாறியிருப்பதைக் கண்டார். புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. ரயில் நம்மைக் கடந்து விலகிப் போகும்போது விசிலின் சுருதி இறங்குகிறதே, அதே டாப்ளர் விளைவுதான். உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். நம் மலையில் நடந்தது, நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும் ஒரு முறை போய்ப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊரின் அட்சரேகை 11 டிகிரி, மலைச்சரிவும் ஏறக்குறைய 11 டிகிரி இருக்கிற இடமாகத் தேடி வைத்தார் கோவிந்த் ஸ்வரூப். அதனால் அந்த நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது, ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு மூலத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். 1970-இலிருந்து வேலை செய்கிறது.

"தமிழ் மீடியம் மேம் நானு. இங்கிலீஷ்ல எல்லாம் புரியுமா?"

முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். இயற்பியல் ஆங்கிலம் ஒரு சின்ன ஆங்கிலம். முந்நூறு, நானூறு சொற்கள் பிடிபட்டால் புத்தகம் திறந்துகொள்ளும். கருத்தைத் தமிழிலேயே யோசியுங்கள். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தமிழில் புரியாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். பிறகு தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் போவதானால், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

"கணக்கு சுமாராத்தான் வரும். ஆனா வானம் ரொம்பப் பிடிக்கும்."

அப்படியென்றால் வானத்தைப் பாருங்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை. மாறும் விண்மீன்களின் பிரகாசத்தைக் குறித்து அனுப்புகிற அமெச்சூர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அந்தக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். சுமார் என்றால் எந்த மாதிரி சுமார் என்பதையும் பாருங்கள். மதிப்பெண் குறைவு, ஆனால் ஒரு கணக்கோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டப் பிடிக்கும் என்றால் தைரியமாகச் சேருங்கள். கணக்கைப் பார்த்தாலே எழுந்து போகத் தோன்றுகிறது என்றால், மூன்று வருடம் உங்களை நீங்களே படுத்த வேண்டாம்.

"பணம்தான் மேம் பிரச்சினை. ஸ்காலர்ஷிப் ஏதாவது?"

பொதுத் தேர்வில் தங்கள் வாரியத்தின் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடம் 80,000 ரூபாய். அதில் 20,000 கோடைத் திட்டப் பணிக்கு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். சமூகவாரியான உதவித்தொகைகளுக்குக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு முறை கேட்டு விட்டுவிடாதீர்கள், மூன்று முறை கேளுங்கள்.

"எம்.எஸ்சி.க்கு ஜாம் எழுதணுமா, ஜெஸ்ட் எழுதணுமா? குழப்பமா இருக்கு."

ஐஐடிகளில் எம்.எஸ்சி. படிக்க ஜாம். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், பிப்ரவரி வாக்கில் வரும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், பெங்களூர் வான் இயற்பியல் நிறுவனம் போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களில் பிஎச்.டி.க்கோ, எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்புக்கோ போக ஜெஸ்ட். இரண்டுக்கும் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், ஜெஸ்ட் கேள்விகள் இன்னும் கொஞ்சம் குசும்பானவை. மூன்றாம் வருடத்தில் இரண்டையும் எழுதுங்கள். தயாரிப்பு? அரசுக் கல்லூரிக் கேள்விக்குச் சொன்ன 'தினம் இரண்டு கணக்கு'தான்.

"பிஎச்.டி. எத்தனை வருஷம்? அதுவரைக்கும் வீட்டுல காசு கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

எம்.எஸ்சி.க்குப் பிறகு ஐந்து, ஆறு வருடம். காசு கேட்க வேண்டாம். தேசிய அளவிலான தேர்வில் தேறி ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, கூடவே வீட்டு வாடகைப்படி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. பணம் சில சமயம் தாமதமாக வரும், கையில் இரண்டு மாதச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"சரி, பிஎச்.டி. முடிச்சா வேலை உறுதிதானே?"

உறுதி இல்லை. அதன்பின் போஸ்ட்டாக் என்று இரண்டு மூன்று வருட ஒப்பந்த வேலைகள், பெரும்பாலும் வேறு வேறு நாட்டில். நிரந்தர ஆராய்ச்சிப் பணி கிடைக்கும்போது முப்பதுகளின் நடுவில் இருப்பீர்கள், கிடைத்தால். இதை முதல் வருடத்திலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். சில பெற்றோர் கோபித்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்வது, இதை ஒரு தூரப் பயண பஸ்ஸாக நினையுங்கள் என்று. கடைசி நிறுத்தம் வரை போகிறவர்கள் கொஞ்சம் பேர். நடுவில் எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அங்கே என்ன இருக்கிறது என்று ஏறும்போதே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பதில் அதற்குத்தான்.

"ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். வெறும் பிசிக்ஸ் டிகிரியை வச்சு என்ன வேலை கிடைக்கும்?"

பி.எஸ்சி.யோடு இறங்கினால்: வங்கி, டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி போன்று எந்தப் பட்டமும் போதும் என்கிற தேர்வுகள். வானிலைத் துறையின் சயின்டிஃபிக் அசிஸ்டன்ட் பணிக்கு இயற்பியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பி.எட்., தகுதித் தேர்வு என்று போனால் பள்ளி ஆசிரியர் வேலை. சி.வி. ராமனே எம்.ஏ. இயற்பியல் முடித்து, நிதித் துறைத் தேர்வு எழுதி, கணக்கு அதிகாரியாகப் பத்து வருடம் இருந்தவர். ஆராய்ச்சியை ஆபீஸ் நேரத்துக்கு முன்னும் பின்னும் செய்தார். 1917-இல்தான் பேராசிரியர் ஆனார்.

எம்.எஸ்சி.யோடு இறங்கினால் யாரும் அதிகம் பேசாத ஒரு நல்ல வழி மருத்துவ இயற்பியல். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு எவ்வளவு, எந்தக் கோணத்தில், கட்டிக்கு எவ்வளவு, பக்கத்து உறுப்புக்கு எவ்வளவு என்று கணக்கிடுகிறவர் இயற்பியல் படித்தவர்தான். மருத்துவ இயற்பியலில் நேரடியாக எம்.எஸ்சி. படிக்கலாம், அல்லது சாதாரண எம்.எஸ்சி.க்குப் பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒரு வருட டிப்ளமா. அதே மையத்தின் பயிற்சிப் பள்ளி வழியாக அறிவியல் அதிகாரியாகச் சேர்ந்து கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர்களும் உண்டு. ஐ.டி. பக்கம் போனால், கார்த்திகைக் கூட்டத்தைப் பிரித்தெடுத்தீர்களே, அந்தப் பைத்தான் பழக்கம்தான் சம்பளம் வாங்கித் தரும்.

"ஃபாரின் போய்ப் படிக்கலாமா?"

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, ஆனால் வாழ்க்கைச் செலவுக்குக் கணக்கில் பணம் காட்ட வேண்டும், நம் சான்றிதழ்களுக்கு ஏபிஎஸ் சரிபார்ப்பும் வேண்டும். அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு உதவித்தொகை உண்டு, எம்.எஸ்.க்குப் பெரும்பாலும் கையை விட்டுச் செலவு. கடன் வாங்கி எம்.எஸ். படிக்கப் போவதைவிட இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டு பிஎச்.டி.க்குப் போவது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

"பொம்பளப் பிள்ளை டீச்சர். ராத்திரியில மலை உச்சியில தனியா உட்கார்ந்து வேலை பார்க்கணுமா?"

அம்மாக்கள் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி. வானியலாளர்களின் பெரும்பாலான நாட்கள் கணினி முன்னால், பகலில், ஏசி அறையில்தான் போகின்றன. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூர் பக்கத்து ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். ஜவ்வாது மலைக் காவலூர் போன்ற இடங்களுக்குப் போனாலும் விடுதி இருக்கிறது, உதவியாளர்கள் இருக்கிறார்கள். என் மாணவி முதல் முறை காவலூர் போய்வந்து சொன்ன ஒரே குறை: நான்கு இரவில் மூன்று இரவு மேகம்.

"எனக்கு 34 வயசு, மெக்கானிக்கல் முடிச்சு கம்பெனியில இருக்கேன். இப்ப திரும்பி வரலாமா?"

ஜாம் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் பி.இ. படித்தவர்களை எம்.எஸ்சி. இயற்பியலில் சேர்ப்பதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு, விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொன்றையும் படியுங்கள். வீட்டுக் கடன், குழந்தை எல்லாம் இருந்தால் பிஎச்.டி. பதிலில் சொன்ன வருடக் கணக்கையும் அதற்கடுத்த பதிலையும் மனைவியோடு உட்கார்ந்து படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொரு வழி, உங்கள் தொழிலோடே வருவது. முப்பது மீட்டர் தொலைநோக்கித் திட்டத்துக்கான கண்ணாடித் துண்டுகளை மெருகேற்ற அதே ஹோஸ்கோட்டேயில் ஒரு கூடம் இருக்கிறது. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லைகோ-இந்தியா வரப்போகிறது. அங்கெல்லாம் அதிர்வைத் தெரிந்த, உலோகத்தைத் தெரிந்த ஆட்கள் வேண்டும். உங்களைப் போன்றவர்கள்தான்.

"மேம், நீங்க ஏன் வானியல் விஞ்ஞானி ஆகலை?"

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான், மைதானத்தில், மைக்கில். எம்.எஸ்சி. முடித்ததும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நேர்முகத் தேர்வு வரைக்கும் போனேன். விண்மீனுக்குள் ஈர்ப்பும் அழுத்தமும் எப்படிச் சமமாகின்றன என்று கேட்டார்கள். சமன்பாட்டைத் தப்பில்லாமல் பலகையில் எழுதிவிட்டேன். "எங்கிருந்து வந்தது இது?" என்றார் ஒருவர். சாக்பீஸ் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வருடம் மறுபடி எழுத நினைத்தேன், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, கல்லூரி வேலை வந்தது. பிஎச்.டி.யை மெல்லிய படலங்கள் (தின் ஃபிலிம்) பற்றிய ஆய்வில் பகுதி நேரமாக முடித்தேன்.

இப்போது மூன்றாம் வருட வகுப்பில் முதல் நாளே அந்தச் சமன்பாட்டைப் பலகையில் எழுதிவிட்டு, எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். வழக்கமாக யாரும் தலை நிமிர மாட்டார்கள். போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் நான் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கிக்கொண்டான்.